அணில் வெளிவரும் வேளை

அணிலை முதலில் கண்டவன் கபிலன். மார்ச் பத்தாம் திகதி, கொழும்பிலிருந்து வந்த நாற்பதடி கண்டெய்னரைத் திறந்து, தேங்காய்த் தும்புக் கட்டுகளை ஃபோர்க்லிஃப்டில் ஒவ்வொன்றாக எடுத்து ராக்கின் ஐந்தாம் தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு கட்டின் மேலிருந்து ஏதோ பாய்ந்து இரும்புத் தூணில் ஏறியது. எலி என்று நினைத்தான். அது பாதித் தூணில் நின்று, வாலைச் சிலிர்த்து, கீச் கீச்சென்று அவனைத் திட்டிவிட்டு மேலே போயிற்று. எலி திட்டுவதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

"எங்கட ஊர் அணில், அக்கா. முதுகில கோடெல்லாம் கிடக்கு."

"எத்தினி கோடு?" என்று கேட்டாள் பத்மா. திண்டுக்கல்காரி. லேபிள் ஒட்டும் மேசையில் தர்சினிக்கு எதிரே நிற்பவள்.

"நிண்டு தந்தால் எண்ணியிருப்பன்."

"இந்த ஊர்ல அணிலே கிடையாதேப்பா. பத்து வருஷமா இருக்கேன், ஒண்ணு கண்ணுல பட்டதில்ல."

"அதைத்தான் சொல்லுறன். விசா இல்லாமல் வந்திருக்கு, என்னை மாதிரி. நான் போட்டில, அது கொன்ரெய்னரில. அதுக்குத்தான் மூளை."

எல்லோரும் சிரித்தார்கள். தர்சினி சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, கூரையில் பதித்திருந்த வெளிச்சத் தகடுகளின் கீழே, மூன்றாம் தட்டின் விளிம்பில் அது உட்கார்ந்து கை இரண்டாலும் முகம் கழுவுவதைக் கண்டாள். கண்டவுடன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐந்து. ஏன் பார்த்தோம் என்று அவளுக்குப் பிறகுதான் தோன்றியது.

ஆஸ்திரேலியாவில், டண்டினொங்கின் தெற்கே, தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கிடங்கு. அரிசி, பிஸ்கட், அப்பளம், நல்லெண்ணெய், தும்புத்தடி, பொங்கல் நெருங்கினால் மண்பானை. விக்னராஜா நடத்தினார். கரவெட்டியிலிருந்து மாணவராக வந்து முப்பத்தாறு வருடம் ஆகியிருந்தது. பதினொரு பேர் அவரிடம் கேசுவலாக, மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்தார்கள். தர்சினி ஆறாவது வருடம்.

வெளிநாட்டிலிருந்து சரக்கோடு எந்த உயிர் வந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும் என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். வாசலருகே அதற்கென்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நத்தை, தேரை, எறும்பு, பூச்சிகளின் படங்கள். கீழே தொலைபேசி எண். படத்தில் அணில் இல்லை என்பது கபிலனின் வாதம். பத்மா வாதம் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது ஒரு பிடி வேர்க்கடலையைச் சரக்கு அடுக்கும் பாலட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. பத்தாம் நாள், சரக்கு ஏற்ற வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார். அன்று பிற்பகலே குவாரன்டீன் ஆட்கள் வந்து கதவுகளை மூடினார்கள்.

ஒரு மூட்டைகூட வெளியே போகக்கூடாது. விலங்கு அகற்றப்படும்வரை கிடங்கு மூடியிருக்கும். பதினொரு பேருக்கும் தொலைபேசியில் செய்தி வந்தது: மறு அறிவித்தல் வரை ஷிஃப்ட் இல்லை. ஒரு வாரம் பன்னிரண்டு கூண்டுகள் வைத்தார்கள், கடலை வெண்ணெயும் ஆப்பிள் துண்டும் போட்டு. இரண்டு எலி விழுந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வாழும் அணிலுக்குக் கூண்டுக்குள் போய்த்தான் சாப்பிட வேண்டும் என்று என்ன தலையெழுத்து? சுடுவது என்று முடிவாயிற்று. அதன் பிறகுதான் விக்னராஜாவுக்கு தர்சினியின் ஞாபகம் வந்தது.

"பிள்ளை, நீர் கம்பஸில அணில்தானே படிச்சனீர்? ஒருக்கா வந்து இவைக்குச் சொல்லும். எப்ப வரும், எப்ப போகும் எண்டு இவைக்கு ஒரு இழவும் விளங்கேல்லை."

"அது இருபது வருஷம் அண்ணை."

"அணில் மாறியிருக்காது. நீர் வாரும்."

வியாழக்கிழமை அவள் போனாள். மேல்மாடிக் கண்ணாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: விக்னராஜா, குவாரன்டீன் துறை அதிகாரி ஆன்ட்ரூ, சுடுவதற்கு அமர்த்தப்பட்ட க்ரெய்க். க்ரெய்க்குக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கிப்ஸ்லாண்ட் பக்கம் பண்ணைகளில் முயலும் நரியும் சுடுபவன். அணிலைத் தன் வாழ்நாளில் சுட்டதில்லை என்று அவனே முதலில் சொன்னான். முயலைக் கேட்டால் சொல்வேன், என்றான்: பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரம், காற்றில்லாத நாள், கோடை முடியும் தறுவாய். குட்டி போடும் காலத்துக்கு முன்னே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தாயைச் சுட்டால் வளையைத் தோண்ட வேண்டி வரும். "அணிலுக்கு என்ன நேரம்?"

தர்சினி சொன்னாள். சூரியன் எழுந்து அரை மணி நேரம் கழித்து வெளியே வரும். இரண்டரை மணி நேரம் திரியும். வெயில் ஏறியதும் ஒதுங்கிவிடும். மாலையில் சூரியன் மறைய இரண்டரை மணி நேரம் இருக்கும்போது மறுபடி வரும். இருட்டுவதற்கு அரை மணிக்கு முன்பே போய்விடும். மழை நாளில் பாதி நேரம்தான். பலத்த காற்றென்றால் வராது. மரம் ஆடினால் பருந்தின் அசைவு தெரியாதென்ற பயம். இங்கே மரமில்லை, ஆனால் கூரைத் தகரம் அடித்துக்கொள்கிறது, அதனால் காற்று நாளை விட்டுவிடுங்கள். காலைதான் நல்லது. காலையில் பசி இருக்கும், ஒரே இடத்தில் நின்று சாப்பிடும். மாலையில் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்காலம் வந்துவிட்டால் வெளியே நிற்கும் நேரம் இன்னும் குறையும். மே மாதத்துக்கு முன்பு செய்யுங்கள்.

ஆங்கிலத்தில் இத்தனை நீளமாக அவள் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆன்ட்ரூ எழுதிக்கொண்டே இருந்தான். விக்னராஜா, தன் பிள்ளை மேடையில் பேசுவதைப் பார்ப்பவர்போலக் கதிரை நுனிக்கு வந்திருந்தார்.

இது எப்படித் தெரியும் என்று ஆன்ட்ரூ கேட்டான்.

"பார்த்தேன்," என்றாள்.

2006 ஆகஸ்டில் போர் மறுபடி மூண்டு யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு தொடங்கியபோது அவள் விலங்கியல் இறுதியாண்டில் இருந்தாள். ஆய்வுக்குக் கடலட்டை என்று பதிந்திருந்தாள். கடற்கரைக்குப் போக முடியாது. வீட்டு வளவிலேயே ஏதாவது செய்யும்படி பேராசிரியர் சொல்லி அனுப்பினார். கோண்டாவில் வளவில் ஒரு மாமரமும் இரண்டு முருங்கையும் மதிலும் இருந்தன. அவற்றில் அணில்கள் இருந்தன. மனிதர்கள் வெளியே வரக்கூடிய நேரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அது நாளுக்கு நாள் மாறியது. அணில்களின் நேரம் மாறவில்லை. வேறு வேலையோ போக வேறு இடமோ இல்லாததால் விடியலிலிருந்து இருட்டும்வரை குசினி வாசலில் இருந்து, கால் மணிக்கு ஒருமுறை எழுதினாள். ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி முடியும்வரை, நூற்று நாற்பத்துமூன்று நாள். அத்தனை முழுமையான பதிவைத் தான் பார்த்ததில்லை என்று பேராசிரியர் பாராட்டினார். எப்படிக் கிடைத்தது என்று அவருக்கும் தெரியும்.

ஆன்ட்ரூவுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. வீடியோவில் தெரிவது ஒன்றுதான். அது ஆணோ பெண்ணோ, குட்டி போட்டிருக்க வாய்ப்புண்டா? இருந்தால் ஒவ்வொரு பாலட்டையும் இறக்கிப் பிரிக்க வேண்டும். சில வாரம் பிடிக்கும். இல்லையென்றால் இந்த ஒன்றைச் சுட்டு, மருந்தடித்து, மூன்றே நாளில் திறந்துவிடலாம்.

தர்சினி யோசித்தாள். கண்ணாடிக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் மரங்களின் இலைகள் பழுத்திருந்தன. காலையில் இப்போதெல்லாம் ஏழரை மணிக்குத்தான் விடிகிறது.

"இல்லை," என்றாள். "இது இலையுதிர் காலம். பகல் குறைந்துகொண்டு வருகிறது. பகல் குறையும்போது அவை குட்டி போடுவதில்லை."

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா என்றான் ஆன்ட்ரூ. எழுதினாள். கையெழுத்துக்குக் கீழே தகுதி என்று ஒரு இடம் விட்டிருந்தது. விலங்கியலில் இளமாணி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று நிரப்பினாள். ஆஸ்திரேலியாவுக்கு வந்து பதினைந்து வருடத்தில் அந்த வரியை எழுதிய படிவங்கள் எத்தனையோ. எழுதியதைப் படித்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்த முதல் ஆள் ஆன்ட்ரூதான். துறையில் வெளி ஆலோசகர்கள் பட்டியல் ஒன்று இருப்பதாகவும், இது நல்லபடி முடிந்தால் அவள் பெயரை அதற்குப் பரிந்துரைப்பதாகவும் சொன்னான். தென்னாசிய விலங்குகள் தெரிந்தவர்கள் அந்தப் பட்டியலில் யாருமில்லை. முதலில் மணிக்கணக்கில்தான் கூப்பிடுவார்கள். பிறகு நிரந்தர இடம் வருவதுண்டு.

அன்று வீட்டுக்கு வந்து பட்டச் சான்றிதழைத் தேடினாள். கணவன் சுபாங்கன் பஸ் ஓட்டப் போயிருந்தான். சான்றிதழ் கார் இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. எடுத்து மேசையில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நெடுநாள் மரத்துப்போன காலை ஊன்றிப் பார்ப்பதுபோல, இருக்கிறதா என்று பார்த்தாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இடம் பார்க்க வந்த க்ரெய்க் அவளைத் தொலைபேசியில் அழைத்தான். நீ சொன்ன நேரத்துக்கு வந்தது, என்றான். ஆனால் மத்தியானம் பன்னிரண்டரைக்கும் வந்ததே. பன்னிரண்டரைக்கு, பிறகு இரண்டு மணிக்கு. வருவதும் அவசரமாகச் சாப்பிடுவதும் போவதுமாக இருக்கிறது.

கட்டிடத்துக்குள் வெயில் இல்லையல்லவா, அதனாலாக இருக்கும் என்றாள் தர்சினி. அவனுக்கு அது சரியாகப் பட்டது. அவளுக்கும்.

திங்கட்கிழமை காலை காற்றில்லை. ஏழரைக்கே தர்சினியும் க்ரெய்க்கும் கண்ணாடி அறைக்கு வெளியேயுள்ள இரும்பு மாடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். ஆன்ட்ரூ உள்ளே மடிக்கணினியோடு இருந்தான். கூரையில் ஓட்டை விழக்கூடாதென்பதால் காற்றுத் துப்பாக்கி. க்ரெய்க் அதைக் கம்பியில் சாய்த்து, ஒரு பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி அவளுக்கும் நீட்டினான். முயலுக்குக் காத்திருக்கையில் மனைவி பேசவே விடமாட்டாள், அவள்தான் என்னைவிட நன்றாகச் சுடுவாள் என்று மெல்லிய குரலில் சொன்னான். தர்சினி தலையாட்டினாள்.

எட்டு இரண்டுக்கு அது வந்தது. நான்காம் தட்டின் விளிம்பில், அரிசி மூட்டை மேல். முதல் குண்டு மூட்டையில் பட்டது. அரிசி மெல்லிய நூலாக ஒழுக ஆரம்பித்தது. அணில் இல்லை.

க்ரெய்க் வாய்க்குள் திட்டிக்கொண்டான். "போயிற்றா? இன்றைக்கு இனி வராதா?"

"வரும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"பதினொரு நிமிடம்."

அவன் திரும்பிப் பார்த்தான். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை மறுபடி நிரப்பினான்.

அவளுடைய பதிவேட்டில் கடைசிப் பத்தி இடையூறு என்பது. நாய், வாகனம், தேங்காய் விழுதல், சத்தம். சத்தம் என்றால் வெடிச்சத்தம். அதற்குப் பிறகு அணில் திரும்ப இறங்க எடுத்த நேரத்தைத் தனியே குறித்தாள். இருபத்தேழு தடவை. சராசரி பதினொரு நிமிடம். அவற்றில் ஒன்று நவம்பரில், மாலை ஐந்து நாற்பதுக்கு. வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பில் அருந்தவன் மாஸ்ரர், சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர். அவர்மேல் இரண்டு வெடி. அவள் மாமரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐந்து ஐம்பத்தொன்றுக்கு அணில் இறங்கியது. எழுதினாள். அடுத்த நாள் விசாரிக்க வந்தவர்கள், எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவளுக்கும்.

அணில் ஒன்பதாவது நிமிடம் வந்தது. இரண்டு நிமிடம் முந்தி. அதே மூட்டை, ஒழுகும் அரிசிக்கு அருகில். க்ரெய்க் இந்த முறை தவறவில்லை.

ஆன்ட்ரூ வெளியே வந்து கை குலுக்கினான். க்ரெய்க்குடன், பிறகு அவளுடன்.

கீழே லேபிள் மேசையில், அவளும் பத்மாவும் எதிரெதிரே நிற்கும் இடத்தில், நீலத் தாள் விரித்து அணிலை வைத்திருந்தார்கள். ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். க்ரெய்க் கையுறையோடு அதைப் புரட்டிப் பையில் இட்டான். புரட்டிய நேரத்தில் தர்சினி வயிற்றைப் பார்த்தாள். முலைக்காம்புகள் தடித்திருந்தன; அவற்றைச் சுற்றி மயிர் தேய்ந்து தோல் தெரிந்தது. ஒன்றில் பால் துளித்து நின்றது.

அவள் கணக்குப் போட்டாள். கப்பல் கொழும்பை விட்டது பெப்ரவரி எட்டாம் திகதி. மாசி மாதம். மழை முடிந்து, மா பூத்து, அணில்கள் ஒன்றையொன்று மதில் முழுக்கத் துரத்தும் காலம். அவளே வரைந்த வரைபடத்தில் இணைசேரும் கோடு உச்சிக்குப் போகும் மாதம். நாற்பது நாள் கர்ப்பம். இங்கே இலையுதிர் காலம் என்று சொன்னாள், சரிதான். ஆனால் அணில் ஏறும்போதே வயிற்றில் மாசியோடு ஏறியிருந்தது. பதினைந்து வருடம் இங்கிருந்தவளுக்குத்தான் மார்ச் என்றால் இலையுதிர் காலம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அது வந்ததன் காரணமும், பதினொரு நிமிடத்தை ஒன்பதாகக் குறைத்ததன் காரணமும் இப்போது தெரிந்தன.

க்ரெய்க் அவளைப் பார்த்தான். முயல் சுடுகிறவன், அவனுக்கும் தெரிந்திருந்தது. பையின் வாயை ஒட்டினான்.

"பெண்," என்று ஆன்ட்ரூ படிவத்தில் குறித்தான். "குட்டி போட்டதற்கான அடையாளம்..." அடுத்த கட்டத்துக்கு வந்தபோது அவன் நிமிரவில்லை. "அதைத்தான் நீங்கள் எழுதித் தந்துவிட்டீர்களே." இல்லை என்ற பெட்டியில் சரி போட்டான்.

தர்சினி வாசல் பக்கம் நடந்தாள்.

வெளியே வந்தபோது பத்மாவின் கார் நின்றது. முடிந்துவிட்டது என்று விக்னராஜா வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். வியாழக்கிழமை எல்லோரும் வேலைக்கு வரலாம், கீழே கைகூப்பும் படம் மூன்று. பாதி வழிவரை பத்மா பேசிக்கொண்டே வந்தாள். பிறகுதான் பக்கத்தில் சத்தமில்லை என்று கவனித்தாள்.

"என்ன, அணிலுக்காக அழுறியா?"

"இல்லை. அதுக்குக் குட்டி இருக்கு."

பத்மா காரை ஓரம் கட்டினாள். தர்சினி நாள்களைச் சொன்னாள். ஒன்பது, பத்து நாள் குட்டிகள். கண் திறந்திராது. இரண்டோ மூன்றோ. தும்புக் கட்டுக்குள் இருக்கும்.

"பால் இல்லாம எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு நாள். கூடினால் ஒண்டரை."

"அப்ப நாளை மறுநாள் ஒண்ணும் இருக்காது." பத்மா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னாள். "ஏ, கேளு. தானா முடிஞ்சிடும். நீ சொன்னாலும் அதுக சாகத்தான் போகுது, இவனுக ஊசி போட்டுக் கொல்லப் போறானுக. நீ சொல்லாட்டியும் சாகும். நடுவுல பதினோரு பேரு. கபிலன் பத்து நாளா வீட்டுல கெடக்கான். உனக்கும் அந்த வேலை வரும்போல இருக்கு. என்னத்துக்கு?"

"அந்தத் தும்புக்குள்ள செத்துக் கிடந்தால் நாறும். யாராவது கண்டுபிடிப்பினம்."

"நாறாது. சுண்டு விரல் அளவு இருக்குமா? காஞ்சு போயிடும். ஒன்பது நாள் நான்தான் கடலை வெச்சேன். என் பேச்சைக் கேளு. எனக்கு மட்டும் வலிக்காதா?"

"எனக்கு வலிக்கேல்லை பத்மா," என்றாள் தர்சினி. "அதுதான் சொல்லுறன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

பத்மா காரை எடுத்தாள்.

வீட்டில் அவள் சோறு வைத்தாள். பருப்புக் கறி வைத்தாள். சுபாங்கன் சாப்பிட்டுக்கொண்டே, என்னவாம் உங்கட அணில் என்று கேட்டான், சுட்டாச்சு என்றாள். எழுந்து கை கழுவினாள். மாலை ஆறே முக்காலுக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கையில், பின் முற்றத்துக்குப் போய் ஆன்ட்ரூவின் எண்ணை அழுத்தினாள். அவன் கடையில் இருந்தான். பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

தான் எழுதிக் கொடுத்தது பிழை என்று சொன்னாள். காலத்தை இங்கத்தைய காலமாக எடுத்துவிட்டேன். அது பால் கொடுக்கும் தாய். குட்டிகள் உண்டு. காலையில் மேசையிலேயே பார்த்தேன், சொல்லவில்லை.

காலையில் ஏன் சொல்லவில்லை என்றான்.

"நாளைக்கு விடிந்ததும் வாருங்கள்," என்றாள். "எங்கே இருக்கும் என்று காட்டுகிறேன்."

செவ்வாய்க்கிழமை, ஆட்களை மேலே தூக்கும் சிசர் லிஃப்டை இயக்கக் கபிலனைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கான சான்றிதழ் அவனிடம்தான் இருந்தது. வெள்ளைப் பாதுகாப்பு உடையில், ஹூட்டுக்குள்ளிருந்து அவன் முகம் சின்னதாகத் தெரிந்தது. இருவரும் மேலே போகும்வரை அவளைப் பார்க்கவில்லை. நாலாம் தட்டைத் தாண்டும்போது கேட்டான்.

"நீங்கள் சொல்லாட்டி ஆருக்கக்கா தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"பிறகேன்?"

"நான் எழுதிக் குடுத்தது பிழை, கபிலன்."

"எல்லாரும்தான் பிழையாய் எழுதிக் குடுத்திருக்கிறம். என்ரை அகதிக் கேஸில நான் எத்தினை பிழை எழுதினனான் தெரியுமே?" அவன் லிஃப்டை நிறுத்தினான். "இதிலையோ?"

இரண்டாவது தும்புக் கட்டுக்குள் கூடு இருந்தது. தும்பை விலக்கியபோது, கந்தலாக்கிய லேபிள் தாளும் பஞ்சும், தலைக்கு மாட்டும் வலை ஒன்றும் பந்தாகத் திரண்டிருந்தன. உள்ளே மூன்று. ஒன்று அசையவில்லை. மற்ற இரண்டும் வெளிச்சம் பட்டதும் ஒன்றன் கீழ் ஒன்று நுழைய முயன்றன. முதுகில் கோடுகள் இப்போதுதான் நிழல்போலத் தெரிய ஆரம்பித்திருந்தன. கபிலன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

தர்சினி மூன்றையும் கூட்டோடு எடுத்து, ஆன்ட்ரூ கொடுத்திருந்த பெட்டிக்குள் வைத்தாள். கீழே விலங்கு மருத்துவர் ஒருவர் காத்திருந்தார். ஊசி போட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வயது என்ன என்று கேட்டார். ஒன்பது அல்லது பத்து நாள் என்றாள். எழுதிக்கொண்டார்.

ஆன்ட்ரூ கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பேசினான். எல்லாப் பாலட்டும் இறக்கப்பட வேண்டும். குறைந்தது நாலு வாரம். முந்தைய அறிக்கையைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அனுப்பிச் சரிபார்க்கப் போகிறார்கள். அதன் பிரதியில் அவளுடைய பத்தியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னான். வைத்தாள். பட்டியலைப் பற்றி அவன் பேசவில்லை; அவளும் கேட்கவில்லை. க்ரெய்க் வந்திருக்கவில்லை. அவன் வேலை முடிந்துவிட்டது.

விக்னராஜா வாசலில் நின்றார். நான்கு வாரம் என்பதை அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சரி பிள்ளை," என்றார். பிறகு: "சொல்லுறதெண்டால் நேற்றுக் காலமையே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விடுறதெண்டால் விட்டிருக்கலாம். நீர் இரண்டையும் செய்தனீர்."

"ஓம் அண்ணை."

"நான் ஏசேல்லை. போயிட்டு வாரும்."

தெருவுக்கு வந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. பத்மாவின் கார் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. வரச் சொல்லவில்லை. கதவைத் திறந்தபோது பத்மா முன் இருக்கையிலிருந்த கைப்பையைத் தூக்கிப் பின்னால் எறிந்தாள்.

"எத்தினி?"

"மூண்டு."

"உயிரோடவா?"

"ரெண்டு."

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"இல்லை."

பத்மா இண்டிகேட்டர் போட்டு, லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, தெருவில் ஏறினாள். இரண்டு சிக்னல் தாண்டினாள். வானொலியை வைத்தாள், நிறுத்தினாள்.

"கோழி ஃபேக்டரில ஆள் எடுக்கிறாங்களாம். நாலு வாரம் சும்மா உக்காந்திருக்க முடியாது. நாளைலேர்ந்து போறேன். வர்றியா?"

"எத்தினை மணிக்கு?"

"விடியக்காலை நாலரைக்கு உங்க வீட்டு வாசல்ல நிப்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன்."

"வாறன்," என்றாள் தர்சினி.